டீனா போட்ட அரிசி

ஏலத்தில் அதே பூசணிக்காய் மூன்றாவது ஆளுக்கு விலைபோனபோதுதான், மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த சைலஸின் கையில் அந்த டப்பாவை நிக்கோல் பார்த்தாள். நீல மூடி போட்ட பழைய பிஸ்கட் டப்பா. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. குழந்தை டீனா ஒருநாள் அதன்மேல் ஏறி நின்று அலமாரியை எட்டப் பார்த்ததில் வந்த நசுங்கல் அது. காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது சமையலறை மேல்தட்டில் டப்பா இருந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. ஒரு வருஷமாக மேல்தட்டை நிமிர்ந்து பார்க்காமலே சமைக்கப் பழகியிருந்தாள். எடுத்தவன் அவளுடைய புருஷன். எதற்காக எடுத்து வந்திருக்கிறான் என்பது அடுத்த நிமிஷம் புரிந்துவிட்டது.

மைசூர் மைன்ஸ் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் இவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்பார்கள். முதலில், அறுப்பதற்கு யாரிடமும் வயல் கிடையாது. தாத்தாக்கள் பூமிக்கடியில் தங்கம் வெட்டினார்கள். சுரங்கம் மூடியபிறகு பேரப்பிள்ளைகள் விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அறுப்பெல்லாம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய அறுப்பு. அதைவிட வேடிக்கை, ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். “மறுபடியும் ஆண்டவருக்கு” என்று மேசையிலேயே திருப்பி வைப்பார். உடனே அடுத்த ஏலம் தொடங்கும். கொண்டுபோகக் கூடாதென்று சட்டம் ஒன்றும் இல்லை. கொண்டுபோனால் அடுத்த பண்டிகைவரை பேச்சு கேட்கவேண்டும், அவ்வளவுதான். இப்படியே கை மாறி மாறி ஒரு பூசணிக்காய் மத்தியானத்துக்குள் ஆட்டுக்கிடா விலைக்கு ஏறிவிடும். ஆனால் யார் வீட்டுக் குழம்பிலும் போய்ச் சேராது.

சைலஸ் மைக்கை வாங்கினான். “இது எங்க பாப்பா போட்ட பிடி அரிசி,” என்றான். பெண்கள் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியாகப் போட்டுவைப்பது அந்தச் சபைப் பெண்களின் வழக்கம். மாதக் கடைசியில் சபை மாதர் சங்கத்துப் பெண்கள் வந்து வாங்கிப்போவார்கள். நிக்கோல் வீட்டில் அந்தப் பிடியைப் போடும் உத்தியோகம் டீனாவுடையது. படியில் அரிசி அளந்ததும் எங்கிருந்தாலும் ஓடிவந்துவிடுவாள். முதல் பிடி வாய்க்கு, அடுத்த பிடி டப்பாவுக்கு. அந்த எச்சில் கையோடேதான் ஆண்டவருக்கும் போடுவாள். “அரிசிய வெறும் வாயில தின்னா கல்யாணத்தன்னிக்கு மழ கொட்டும்டி” என்று நிக்கோல் அதட்டுவாள். “கொட்டட்டும்மா, கொட புடிச்சிக்கினு கட்டிக்கறேன்” என்று கன்னம் உப்ப மென்றுகொண்டே பதில் வரும்.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இங்கே பார்த்த டாக்டர் கோலாருக்குக் கொண்டுபோங்கள் என்றார். போகிற வழியில், நிக்கோலின் மடியிலேயே, காய்ச்சல் விட்டதுபோல உடம்பு குளிர்ந்தது. குணமாகிறது என்றுதான் அவள் நினைத்தாள். அப்படி நினைத்து ஒருமுறை சிரித்தும் இருந்தாள். அந்தச் சிரிப்பை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சைலஸ் அப்போது லீவு போட்டுவிட்டு ஒடிசா மலைப்பக்கம் ஊழிய முகாமுக்குப் போயிருந்தான். அங்கே போனில் சிக்னல் கிடையாது. தகவல் கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அடக்கத்தன்று மழை விடவே இல்லை. குழிக்குள் நின்ற தண்ணீரை ஆண்கள் வாளியால் இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ பிடித்த குடைக்குள் நின்றுகொண்டு, கல்யாணத்துக்கு வரவேண்டிய மழை இங்கே வந்துவிட்டது என்று நினைத்தாள் நிக்கோல். அந்த மாதம் சங்கத்துப் பெண்கள் வந்தபோது மூட்டையிலிருந்து அள்ளி வேறு அரிசியைக் கொடுத்தனுப்பினாள். டப்பா மேல்தட்டுக்குப் போய்விட்டது.

சைலஸ் இரண்டு மாதம் பாயைவிட்டு எழவில்லை. சவரம் செய்யவில்லை. யாராவது ஆறுதல் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அப்பா வால்டர், சுரங்கத் தூசியில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த மனிதர், இருமிக்கொண்டே மகனுக்குக் கஞ்சி ஊட்டினார். பிறகு ஒருநாள் காலையில் அவன் தானாக எழுந்து குளித்தான். ஆண்டவர் கம்போடியாவுக்குக் கூப்பிடுகிறார் என்றான். பெங்களூரில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டான். மிஷன் சங்கம் சரியென்றது. ஆனால் குடும்பத்தை மாதாமாதம் பணம் கொடுத்துத் தாங்குகிற சபைகளை நீங்களே தேடிக்கொள்ளவேண்டும் என்றது. சைலஸ் சபை சபையாக ஏறி இறங்கினான். “கண்டிப்பா ஜெபிக்கறோம் பிரதர்” என்றார்கள் எல்லாரும். ஜெபம் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை. மறுபடி அவன் சுவர்ப் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தான். அப்போதுதான் இந்தப் பண்டிகை வந்தது.

டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளி உயர்த்தி, விரல் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். மணிகள் தகரத்தில் விழும் சத்தம் மைக் வழியாகக் கோயில் முழுக்கக் கேட்டது. வண்டு அரித்த பழைய அரிசி. கையெல்லாம் வெள்ளை மாவு. கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தான். கண்ணைத் துடைக்கத்தான் எடுத்தான் என்று நினைத்து ஜனங்கள் அழுதார்கள். சபைப் பெரியவர் ஹரோல்ட் ஏலத்தைத் தொடங்கிவைத்தார். எடுத்தவர் திருப்பி வைக்க, அடுத்தவர் எடுக்க, பூசணிக்காயெல்லாம் எந்த மூலைக்குப் போனதென்றே தெரியவில்லை. கடைசியாக எடுத்தவர் டப்பாவை சைலஸின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அந்தச் சாயங்காலமே சபைக் கமிட்டி கூடி, இந்தக் குடும்பத்தை நாம் தாங்குவோம் என்று தீர்மானம் போட்டது. வெளியே வந்த நிக்கோலை ஒவ்வொரு பெண்ணாகக் கட்டிப்பிடித்தார்கள். உன்னை மாதிரித் தாய் யாருக்கு வாய்க்கும் என்றார்கள். அவளுக்கு அந்த மேசைக்கு ஓடி டப்பாவைப் பிடுங்கவேண்டும்போல இருந்தது. அதற்குள் அடுத்த பெண் கட்டிப்பிடிக்க வந்தாள்.

வீட்டில் கேட்டாள். “ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா?” என்றான் சைலஸ். பிறகு தணிந்த குரலில், “அது ஆண்டவருக்குன்னு எடுத்து வெச்சது நிக்கோல். நம்மளுது இல்ல” என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அவளை அதிகமாக எரித்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்து, எண்ணெய் வைத்து வாரி, ஒரு வருஷத்துக்குப் பிறகு பசியோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். இதைப் பிடுங்கினால் மறுபடி பாயில் விழுவான். இந்தமுறை எழுந்திருக்க மாட்டான். டப்பாவா புருஷனா என்று வந்தபோது அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு சபை மட்டும் போதாது என்று டப்பா அதன்பிறகு ஊர் சுற்றத் தொடங்கியது. ஞாயிறுதோறும் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் சபைகளுக்குப் போனார்கள். டப்பா நிக்கோலின் மடியில் இருக்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே அரிசி நகரும். டீனா இருந்தவரை அதே ரயிலில் அதே மடியில் தூங்கிக்கொண்டு வந்தவள்தான். கோயிலில் சைலஸ் பேசுவான், பிடியை உயர்த்துவான், மாவைத் துடைப்பான், நிக்கோல் பக்கத்தில் நிற்பாள். கல்லும் கரையும்படி பேசக் கற்றுக்கொண்டிருந்தான். வாரத்துக்கு வாரம் கதை கொஞ்சம் வளர்ந்தது. முதலில் டீனா பேசாமல் அரிசி போட்டாள். பிறகு கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் போட்டாள். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய கோயிலில், “அப்பா, இயேசு சாமியத் தெரியாத பசங்களுக்கு இத குடுங்கப்பா” என்று அவள் சொன்னதாக அவன் சொன்னபோது நிக்கோல் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் பொய் சொல்கிற முகமாக இல்லை. அவள் அப்படித்தான் சொன்னாள் என்று அவனே நம்பிவிட்டிருந்தான். கன்னம் உப்ப அரிசி மென்ற குழந்தை இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, அவனுக்கும்கூட.

அன்றைக்குத்தான் ஓர் அம்மாள் வந்து, “ஒரே ஒரு மணி குடுங்க பிரதர், பைபிள்ல வெச்சிக்கறேன்” என்று கேட்டாள். சைலஸ் கொடுத்தான். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. புனிதர்களின் எலும்பை வைத்து வணங்குகிறார்கள் என்று கத்தோலிக்கரைக் கேலி பேசுகிற அதே ஜனங்கள் கையேந்தி நின்று ஒவ்வொரு மணியாக வாங்கிப்போனார்கள். ரயிலில் வரும்போது டப்பா கனம் குறைந்திருந்தது. அல்லது நிக்கோலுக்கு அப்படித் தோன்றியது.

“நம்ம ஜெப அட்டை இருக்குதில்ல,” என்றான் சைலஸ், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு. குடும்பப் படம் போட்டு, எங்களுக்காக ஜெபியுங்கள் என்று அச்சடித்துத் தாங்குவோருக்குக் கொடுக்கிற அட்டை அது. “ஒவ்வொரு அட்டைலயும் சின்ன கவர் ஒட்டி அதுல நாலஞ்சு மணி போட்டுடலாம். அட்டையப் பாக்கறப்பல்லாம் நம்ம நெனப்பு வரும் அவங்களுக்கு. அனுப்புதல் ஆராதனைக்குள்ள ரெடி பண்ணிடு. மிச்சத்த நம்மகூட எடுத்துக்கினு போலாம்.”

“அப்பறம் கல்லறைக்கு யாரு மெழுகுவத்தி வெப்பாங்க?” என்றாள் நிக்கோல்.

அவன் அவள் கையைப் பிடித்தான். அன்பாகத்தான் பிடித்தான். “அவ அங்க இல்ல நிக்கோல்.”

பங்காருப்பேட்டை தாண்டிச் சுரங்க மண்மேடுகள் தெரியும்வரை அவள் டப்பாவின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

கவர்கள் வந்தன. விரல் நகத்தளவு ஜரிகைக் கவர்கள். விசா வேலையாக சைலஸ் பெங்களூருக்குப் போயிருந்த அன்று நிக்கோல் அவற்றைக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு டப்பாவை எடுத்தாள். முதல் கவரில் போட நாலு மணியை எடுத்தாள். எடுத்த விரல்கள் போட மறுத்தன. இந்த நாலில் எது குழந்தையின் எச்சில் பட்டது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லாமே பட்டதுதான். யார் யாரோ வீட்டு பைபிளுக்குள், அலமாரிக்குள், குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்துக்கு அடியில் நாலு நாலாகப் போய் இருக்கப்போகிறாள் டீனா. மிச்சம் கடல் தாண்டிப் போகும். அங்கேயும் ஒருவன் மைக்கில் கொட்டிக் காட்டுவான். நிக்கோலுக்கு ஒரு கோபம் எழுந்தது. சைலஸ்மேல் இல்லை, யார்மேல் என்று பெயர் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வால்டர் அங்கே வெயிலில் நாற்காலி போட்டு இருமிக்கொண்டிருந்தார். மகன் கம்போடியா போனதும் அவர் பங்காருப்பேட்டையில் மகள் இசபெல்லா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. “எனக்கின்னா, எங்க போட்டாலும் இருமிக்கினு கெடப்பேன்” என்று சொல்லிவிட்டார். நீல மூடி டப்பாவை அவர் பார்த்தார். முறத்தில் அவள் அரிசியைக் கொட்டுவதையும் பார்த்தார். மாவு பறந்தது. வண்டுகள் முறத்து விளிம்புக்கு ஓடின. அவள் கை நின்றது.

“வெயில் போறதுக்குள்ள பொடச்சிடுமா,” என்றார் வால்டர். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புடைத்தாள். நொய்யைக்கூட விடாமல் எடுத்தாள். தண்ணீர் தெளியும்வரை களைந்தாள். களையுமுன் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கசந்தது. உலை கொதித்ததும் அரிசியைப் போட்டபோது கை பழைய பழக்கத்தில் ஒரு பிடி அள்ளி டப்பாப் பக்கம் போனது. நிறுத்தி அந்தப் பிடியையும் உலையிலேயே போட்டாள். அரிசி என்றால் பொங்கித் தின்னத்தானே? குழந்தைக்கும் அதுதானே தெரிந்திருந்தது? அடுப்புப் பக்கத்தில் நின்று சத்தம் வராமல் அழுதாள். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

சைலஸ் விசா கிடைத்த சந்தோஷத்தோடு வந்தான். தட்டைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்ததும் கண்ணை மூடி, “இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, இது கிடைக்காத பிள்ளைங்கள நெனச்சுக்கோங்க” என்று ஜெபித்தான். ஆமென் என்றார் வால்டர். முட்டைக்கோஸ் பொரியலும் பருப்பும் வைத்திருந்தாள். கம்போடியாவிலும் மூன்று வேளை அரிசிச் சோறுதான், நமக்குக் கஷ்டமே இருக்காது என்று சைலஸ் சொல்லிக்கொண்டே பிசைந்து சாப்பிட்டான். ஒரு வாய் மென்றவன் நிமிர்ந்தான்.

“அரிசி வேற மாதிரி கீது?”

“பழைய அரிசி,” என்றாள் நிக்கோல்.

“பழைய அரிசிதான்டா வயித்துக்கு நல்லது. துன்னு,” என்றார் வால்டர். அவர் ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்றுகொண்டிருந்தார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

“நல்லாதான் கீது. இன்னும் கொஞ்சம் போடு,” என்று சைலஸ் தட்டை நீட்டினான். போட்டாள். பானையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் நாலு பேர் சாப்பிட்டதுபோல இருந்தது அவளுக்கு. மறுநாள் ரேஷன் அரிசியை எடுத்துக் கவர்களில் போட்டு ஒட்டினாள். டப்பாவையும் அதனாலேயே நிரப்பினாள். அரிசி களைந்து அறியாத மனுஷன். அவனுக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் நினைத்தாள்.

அனுப்புதல் ஆராதனைக்கு மைசூர் மைன்ஸ் கோயிலில் உட்கார இடமில்லை. பெங்களூரிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். பக்கத்து லைன் வீட்டு ஜெயம்மா, மாரியம்மன் கோயிலுக்கு முதல் விளக்கு வைக்கிறவள், அவளும் டீனாவுக்காக வந்து கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். பீடத்துக்குப் பக்கத்து மேசையில் கூடை நிறைய ஜெப அட்டைகள். போதகர் அவர்கள் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். பிறகு சைலஸ் சாட்சி சொன்னான். நன்றாகச் சொன்னான். ஹரோல்ட் முதல் வரிசையில் கைக்குட்டையோடு தயாராக இருந்தார். “அவ சின்னக் கையால ஆண்டவருக்குன்னு போட்டது,” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தான், கையை விட்டான், பிடியை உயர்த்தி விரல்களைத் தளர்த்தினான். அரிசி தகரத்தில் விழுந்த சத்தம் மற்ற நாட்களைவிடக் கணீரென்று இருந்தது.

இன்னொரு கை தன் பழக்கத்தில் பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது. துடைக்கப் போனவன் உள்ளங்கையைப் பார்த்தான். மாவு இல்லை. கை சுத்தமாக இருந்தது. விரித்த கையை விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் திருப்பிப் பார்த்தான். டப்பாவுக்குள் குனிந்து பார்த்தான். பிறகு கூடையை. பிறகு ஆண்கள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவை. கடைசியாகப் பக்கத்தில் நின்ற நிக்கோலைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டியது அவன் நினைவுக்கு வந்த நொடி அவளுக்குத் தெரிந்தது. அவன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அவன் அழுகிறான் என்று நினைத்து ஜனங்களும் அழுதார்கள். யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். வேனில் வந்தவர்கள் எழுந்து கூடைப் பக்கம் வரிசை கட்டத் தொடங்கினார்கள். “சொல்லுங்க பிரதர்,” என்று போதகர் மெதுவாக மைக்கை அவன் வாயருகே நகர்த்தினார். சைலஸ் சுத்தமான அந்தக் கையை மறுபடி டப்பாவுக்குள் விட்டான். உள்ளே ஒரு பிடி பிடித்தான். எல்லாரும் காத்திருந்தார்கள். கை வெளியே வரவில்லை.